கையெழுத்தான பிறகு நாடாளுமன்றத்துக்கு என்ன வேலை? (ஒப்பந்தங்களும் அவையின் கண்காணிப்பும்)

#1 · கோப்புப்புழு

வர்த்தக ஒப்பந்த இழையில் ஒருவர் கேட்டிருந்தார்: "எல்லாம் நாடாளுமன்றத்தில் வைத்துத்தானே நடக்கிறது, அப்புறம் என்ன புலம்பல்?" அங்கே பதில் எழுதினால் அந்த இழை வேறு பக்கம் போய்விடும். அதனால் தனியாக இங்கே.

அவையின் முன் வைப்பது ஒன்று, அவை முடிவெடுப்பது இன்னொன்று. பிரிட்டனையே பாருங்கள். 1924-இல் ஆர்தர் பான்சன்பி என்ற வெளியுறவுத் துறை இளைய அமைச்சர் ஒரு வாக்குறுதி கொடுத்தார். ஒப்பந்தத்துக்கு அரசு இறுதி ஒப்புதல் தருவதற்கு முன் அதை 21 நாள் அவையில் வைப்போம் என்பதுதான் அது. 2010 வரை அது வெறும் மரபாகவே ஓடியது. அந்த வருடம்தான் சட்டமானது. இப்போது கணக்கு 21 அமர்வு நாட்கள், அதாவது அவை கூடும் நாட்கள். அதற்குள் காமன்ஸ் சபை (பிரிட்டனின் கீழவை) எதிர்த்துத் தீர்மானம் போடவில்லை என்றால் அரசு மேலே போகலாம். அதாவது வாய் திறக்காமல் இருந்தாலே சம்மதம். எதிர்த்துத் தீர்மானம் போட்டாலும் அமைச்சர் காரணம் எழுதி மறுபடி வைப்பார், இன்னொரு 21 நாள் ஓடும். திரும்பத் திரும்ப எதிர்த்துக்கொண்டே இருந்தால் காமன்ஸ் சபையால் நிறுத்திவைக்க முடியும் என்பது ஏட்டில் உள்ள விஷயம். நடைமுறையில் தீர்மானம் போட அவையில் நேரம் வேண்டும். அவையின் நேரம் பெரும்பாலும் அரசின் கையில்.

ஆஸ்திரேலியாவோடு போட்ட வர்த்தக ஒப்பந்தத்தில் இது அப்பட்டமாகத் தெரிந்தது. 2021 டிசம்பரில் கையெழுத்து. அவையின் வர்த்தகக் குழு விவாதம் வேண்டும், வாக்கெடுப்புக்கு வழி வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. 2022 ஜூலையில் கெடு முடிந்தது, காமன்ஸில் அப்படி ஒரு விவாதம் நடக்கவே இல்லை. அதே வருடம் நவம்பரில், ஒப்பந்தம் பேசப்பட்ட காலத்தில் வேளாண்மைக்குப் பொறுப்பான அமைச்சராக இருந்த ஜார்ஜ் யூஸ்டிஸ், பதவி போன பிறகு அவையிலேயே எழுந்து, அது அப்படியொன்றும் நல்ல ஒப்பந்தம் இல்லை என்றார். உள்ளே இருந்தவருக்கே அந்த எண்ணம். அவைக்கு அதைச் சோதித்துப் பார்க்க வாய்ப்பே தரவில்லை.

என் வாதம் இதுதான்: கடைசி வாக்கெடுப்பைப் பற்றி நாம் அளவுக்கு மீறிப் பேசுகிறோம். பேச்சுவார்த்தை நடக்கும்போதே வரைவைப் பார்க்க முடிகிறதா என்பதுதான் விஷயம்.

#2 · மறுப்பாளன்

கடைசி வாக்கெடுப்பு ஒன்றுமில்லையா? அமெரிக்க அதிபரா இருந்த உட்ரோ வில்சனைக் கேளுங்க, சொல்வார். முதல் உலகப் போருக்குப் பிறகு வந்த வெர்சாய் ஒப்பந்தத்தை அவரே பாரிஸில் மாசக்கணக்கில் உட்கார்ந்து பேசி முடித்துக் கொண்டுவந்தார். அமெரிக்க செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். 1919 நவம்பரில் தோற்றது. 1920 மார்ச்சில் மறுபடி வந்தது: ஆதரவு 49, எதிர்ப்பு 35. ஏழு ஓட்டு குறைவு. தன் அதிபரே முன்னின்று உருவாக்கிய சர்வதேச சங்கத்தில் (ஐ.நா.வுக்கு முன்னோடி) அமெரிக்கா சேரவே இல்லை. இதைவிட என்ன கண்காணிப்பு வேண்டும்?

பிலிப்பைன்ஸ் இன்னும் நல்ல உதாரணம். 1991 செப்டம்பர் 16. அமெரிக்க ராணுவத் தளங்களை நீட்டிக்கும் ஒப்பந்தம் செனட்டுக்கு வருது. அதிபர் கொராசோன் அக்கினோ ஆதரவு, ஊர்வலமே நடத்தினார். செனட்டில் 12 பேர் வேண்டாம் என்றார்கள், 11 பேர் வேண்டும் என்றார்கள். அடுத்த வருடம் நவம்பரில் சூபிக் விரிகுடாவிலிருந்து அமெரிக்கக் கடற்படை மூட்டை கட்டியது. இதெல்லாம் வரைவை முன்கூட்டியே படித்ததால் நடந்ததா? ஓட்டு இருந்ததால் நடந்தது.

#3 · எழில்நிலா

மறுப்பாளன், பிலிப்பைன்ஸ் கதையை 1992-இல் நிறுத்திவிட்டீர்களே. மிச்சத்தையும் சொல்லுங்கள்.

2014-இல் அமெரிக்காவோடு புதிய பாதுகாப்பு ஒத்துழைப்பு ஏற்பாடு வந்தது. அமெரிக்கப் படைகள் பிலிப்பைன்ஸ் முகாம்களில் தங்கலாம், தளவாடங்களைச் சேமித்து வைக்கலாம். இந்த முறை அரசு அதை ஒப்பந்தம் என்று சொல்லவே இல்லை. ஏற்கெனவே உள்ள ஒப்பந்தங்களை நடைமுறைப்படுத்தும் நிர்வாக ஏற்பாடு என்றது. ஆகவே செனட்டுக்கு அனுப்பவில்லை. இது எங்களிடம் வர வேண்டியது என்று 2015-இல் செனட் தீர்மானமே போட்டது. 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அரசின் பக்கம் நின்றது. முன்வாசலில் 12 பேர் காவல் நின்ற அதே வீட்டுக்குப் பின்வாசல் வழியாகப் போய்விட்டார்கள்.

அமெரிக்காவிலும் அதே கதைதான். மூன்றில் இரண்டு பங்கு என்ற சுவர் எவ்வளவு உயரமோ, அவ்வளவுக்கு அதைச் சுற்றிப் போகும் பாதையும் அகலமாகிவிட்டது. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை 2012 டிசம்பரில் செனட்டுக்கு வந்தது. 61 ஆதரவு, 38 எதிர்ப்பு. பெரும்பான்மை இருந்தும் விழுந்தது. பிறகு எந்த அதிபருக்கு அந்தப் பக்கம் போக மனம் வரும்? இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்கா செய்துகொண்ட சர்வதேச ஏற்பாடுகளில் மிகப் பெரும்பாலானவை செனட் ஒப்புதல் கேட்காத நிர்வாக ஏற்பாடுகள். 2015-இல் ஈரான் அணு உடன்பாடும் ஒப்பந்தமாகச் செனட்டுக்குப் போகவில்லை. அதனால்தான் 2018-இல் அடுத்த அதிபர் ஒரு கையெழுத்தில் அதிலிருந்து வெளியேற முடிந்தது. அவையைத் தவிர்த்துக் கொண்டுவந்ததை அவையைத் தவிர்த்தே கலைத்தார்.

ஓட்டு முக்கியம்தான். ஆனால் எது ஓட்டுக்கு வரும் என்று முடிவுசெய்பவர் அரசாகவே இருந்தால் அந்த ஓட்டுக்கு என்ன பலம்?

#4 · சும்மா_வந்தவன்

ஒரு சின்ன சந்தேகம், சிரிக்காதீங்க. கையெழுத்துப் போட்டாச்சுன்னா ஒப்பந்தம் முடிஞ்சதுதானே? அப்புறம் எதுக்கு இறுதி ஒப்புதல்னு தனியா ஒண்ணு?

#5 · கோப்புப்புழு

இதில் சிரிக்க என்ன இருக்கிறது. பெரிய ஒப்பந்தங்களில் கையெழுத்து என்றால் "வாசகத்தை ஒத்துக்கொண்டோம்" என்று பொருள். நாடு சட்டப்படி கட்டுப்படுவது இறுதி ஒப்புதல் கொடுத்த பிறகுதான். இந்த இடைவெளியில்தான் நாடாளுமன்றம் வருகிறது. சில சின்ன ஏற்பாடுகளுக்குக் கையெழுத்தே போதும், அங்கே இடைவெளியே கிடையாது.

ஒப்பந்தச் சட்டத்துக்கான 1969 வியன்னா உடன்படிக்கையில் இரண்டு விஷயம் கவனியுங்கள். கையெழுத்துப் போட்ட நாடு, ஒப்புதல் தரும் முன்பே, ஒப்பந்தத்தின் நோக்கத்தைக் குலைக்கும் காரியம் செய்யக் கூடாது. இன்னொன்று, "எங்கள் நாடாளுமன்றத்தைக் கேட்காமல் அரசு ஒப்புக்கொண்டது, அதனால் செல்லாது" என்று பின்னால் சொல்வது கிட்டத்தட்ட நடக்காத காரியம். உள்நாட்டு விதி மீறப்பட்டது வெளிப்படையாகத் தெரிய வேண்டும், அந்த விதியும் அடிப்படையானதாக இருக்க வேண்டும். அதாவது அவை தூங்கினால் வெளியுலகம் அதை எழுப்பிவிடாது.

#6 · மறுப்பாளன்

ஆக, கல்யாணம் முடிஞ்சப்புறம் ஜாதகம் பார்க்கிற கதைதான். ஒத்துக்கிறேன். ஆனா பேச்சுவார்த்தையின்போதே 500 எம்.பி.க்களுக்கு வரைவைக் காட்டினா மறுநாள் காலையில் எதிர்த்தரப்பு மேசையில் அது இருக்கும். நம்ம கையில் என்ன சீட்டு இருக்குன்னு காட்டிட்டு எப்படிப் பேரம் பேசுறது?

#7 · செயலகத்தான்

கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஒரு நாடாளுமன்றக் குழுச் செயலகத்தில் வெகுகாலம் வேலை பார்த்தவன். எந்த நாடு என்பது இங்கே தேவையில்லை, பல நாடுகளில் இதே கூத்துதான்.

தம்பி மறுப்பாளன் கேட்ட கேள்வியை அமைச்சக அதிகாரிகளும் அப்படியே சொல்வார்கள். குழுவின் முன் வந்து உட்காருவார்கள். "பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருப்பதால் விவரம் சொல்ல இயலாது." அடுத்த முறை வரும்போது, "கையெழுத்தாகிவிட்டதால் மாற்ற இயலாது." இந்த இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில், கேள்வி கேட்கச் சரியான நாள் என்று ஒன்று வரவே வராது.

ஒப்பந்தம் குழுவுக்கு வந்து சேரும் விதத்தையும் சொல்கிறேன். முக்கிய வாசகம் மெலிதாக இருக்கும். அதோடு வரும் இணைப்புகள் கட்டுக்கட்டாக இருக்கும், வரி அட்டவணைகள், விதிவிலக்குப் பட்டியல்கள். எல்லாவற்றுக்கும் மேலே அமைச்சகம் எழுதிய சில பக்க விளக்கக் குறிப்பு. அதில் இரண்டு வரி கட்டாயம் இருக்கும்: "நிதிச்சுமை: இல்லை. சட்டத் திருத்தம்: தேவையில்லை." உறுப்பினர்களில் பெரும்பாலோர் அந்தக் குறிப்பை மட்டும்தான் படிப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அதே வாரத்தில் அவர்கள் மேசையில் வேறு மூன்று மசோதா இருக்கும், ஒப்பந்தச் சட்டம் தெரிந்த ஆள் செயலகத்தில் ஒருவர் இருந்தால் அதிகம்.

நான் எப்போதும் பின்னாலிருந்து படிப்பேன். கடைசி அத்தியாயத்தில்தான் எப்போது அமலுக்கு வரும், விலகுவதென்றால் எத்தனை மாத முன்னறிவிப்பு, ஒப்புதலுக்கு முன்பே தற்காலிகமாக அமல்படுத்தலாமா என்பதெல்லாம் இருக்கும். அதற்கடுத்து நாட்காட்டி. அமர்வு நாட்கள் என்று எண்ணும்போது, அவை விடுமுறைக்குக் கலையும் நாள் எது, கெடு எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும். விடுமுறைக்கு முந்தைய வாரத்தில் எதைக் கொண்டுவந்தாலும் விவாதத்துக்கு ஆள் இருக்காது. அரசுத் தரப்பில் இதைத் தெரியாமல் செய்கிறார்கள் என்று நான் நம்பியதே இல்லை.

#8 · எழில்நிலா

செயலகத்தான் ஐயா, அந்த இரண்டு வாக்கியத்தை எங்காவது கல்லில் வெட்டி வைக்க வேண்டும்.

மறுப்பாளனின் சீட்டுக் கேள்விக்கு டென்மார்க் ஒரு பதில் வைத்திருக்கிறது. 1973-இல் ஐரோப்பியச் சமூகத்தில் (இன்றைய ஐரோப்பிய ஒன்றியம்) சேர்ந்ததிலிருந்து அங்கே நாடாளுமன்றக் குழு ஒன்று இருக்கிறது, இப்போது ஐரோப்பிய விவகாரக் குழு என்று பெயர். முக்கியமான விஷயம் என்றால் ஒன்றியத்தின் கூட்டத்துக்கு பிரஸ்ஸல்ஸுக்குப் போகும் முன் அமைச்சர் இந்தக் குழுவின் முன் வந்து, "நான் இந்த நிலைப்பாட்டை எடுக்கப் போகிறேன்" என்று சொல்ல வேண்டும். பொதுவாக வெள்ளிக்கிழமைகளில் நடக்கும். குழுவில் உள்ள தலைகளை எண்ணுவதில்லை. ஒவ்வொரு கட்சிக்கும் அவையில் எத்தனை இடமோ அதை வைத்துக் கணக்குப் போடுவார்கள். பெரும்பான்மை எதிர்க்கவில்லை என்றால் அமைச்சருக்கு ஆணை கிடைத்தது. எதிர்த்தால் அவர் நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டுதான் விமானம் ஏற வேண்டும். பேரத்தின் கடைசி எல்லை பகிரங்கமாக வெளியே வர வேண்டியதில்லை. பேரமும் கெடவில்லை, அவையும் இருட்டில் இல்லை. பின்லாந்தில் பெரிய குழு என்ற ஒன்று இதே மாதிரி வேலை செய்கிறது.

ஒரு விஷயம் நேர்மையாகச் சொல்ல வேண்டும். டென்மார்க்கில் பெரும்பாலும் சிறுபான்மை அரசுகள். அவையைக் கேட்காமல் அமைச்சர் எதையாவது ஒத்துக்கொண்டு வந்தால் அடுத்த வாரம் ஆட்சி இருக்குமா என்பதே சந்தேகம். அதனால்தான் அந்தக் குழுவுக்கு மரியாதை. அதே விதியை அப்படியே தூக்கி, அசைக்க முடியாத பெரும்பான்மை உள்ள நாட்டில் நட்டால் வேர் பிடிக்குமா என்று எனக்குத் தெரியவில்லை.

#9 · மறுப்பாளன்

அதைத்தான் சொல்றேன். எண்ணிக்கைதான் எல்லாம். குழு, நடைமுறை எல்லாம் அலங்காரம்.

#10 · வழக்குப்பெட்டி

எண்ணிக்கை என்றதும் இந்தியாவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தொழிலே சட்டம் என்பதால் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்திய அரசியலமைப்பில் ஒப்பந்தத்துக்கு நாடாளுமன்ற ஒப்புதல் வேண்டும் என்று ஒரு வரிகூடக் கிடையாது. ஒப்பந்தம் செய்வது மத்தியப் பட்டியலில் 14-ஆவது இனம். மத்திய அரசு தன் நிர்வாக அதிகாரத்திலேயே செய்துகொள்ளலாம். அதை நிறைவேற்றச் சட்டம் தேவைப்பட்டால் மட்டும் 253-ஆவது பிரிவின் கீழ் நாடாளுமன்றம் சட்டம் போடும். மாநிலப் பட்டியலில் உள்ள விஷயமானாலும் போடலாம். நிலப்பகுதியை விட்டுக்கொடுப்பதாக இருந்தால் அரசியலமைப்பையே திருத்த வேண்டும் என்று 1960-இல் பெருபாரி விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் கருத்துச் சொன்னது. அவ்வளவுதான் கட்டுப்பாடு.

இதன் விளைவை 1974-ஆம் வருடத்தை வைத்தே பார்க்கலாம். மே மாதம் வங்கதேசத்தோடு நில எல்லை ஒப்பந்தம். ஜூன் மாதம் இலங்கையோடு கடல் எல்லை ஒப்பந்தம், கச்சத்தீவு எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் போனது. முதலாவதை நிலமாற்றம் என்று கருதியதால் அரசியலமைப்புத் திருத்தம் தேவைப்பட்டது. வங்கதேசம் அதே வருடம் ஒப்புதல் கொடுத்துவிட்டது. இந்திய நாடாளுமன்றத்தில் நூறாவது திருத்தம் நிறைவேறியது 2015-இல். 41 வருடம். அதுவரை, ஒரு நாட்டுக்குள் சிக்கிக் கிடந்த மற்ற நாட்டின் 162 குட்டி நிலத்துண்டுகளில் இருந்த மக்கள் எந்த நாட்டின் ரேஷன் கார்டும் இல்லாமல் கிடந்தார்கள். இரண்டாவதில், இது தகராறில் இருந்த எல்லையை முடிவுசெய்வதுதான், நிலத்தை விட்டுக்கொடுப்பது அல்ல என்று மத்திய அரசு நிலைப்பாடு எடுத்தது. திருத்தம் எதுவும் கொண்டுவரவில்லை. அவையில் எதிர்க்கட்சிகள் போட்ட கூச்சலும் வெளிநடப்பும் பதிவேட்டில் இருக்கின்றன, பலன் இல்லை. ஆக, என்ன பெயரில் அழைக்கிறோம் என்பதை அரசே முடிவுசெய்தால் என்ன ஆகும் என்று எழில்நிலா மேடம் கேட்டதற்கு மணிலா வரை போக வேண்டியதில்லை.

ஆனால் மறுப்பாளன் சொல்வது போல் எல்லாம் அலங்காரம் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அமெரிக்காவோடு செய்த அணுசக்தி உடன்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த உடன்பாட்டின் மீது வாக்கெடுப்பே கிடையாது. இடதுசாரிகள் ஆதரவை விலக்கியதால் 2008 ஜூலை 22-இல் நம்பிக்கை வாக்கெடுப்பு நடந்தது, 275-க்கு 256 என்று அரசு தப்பியது. கதை முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் அணு விபத்து இழப்பீட்டுக்குத் தனிச் சட்டம் தேவைப்பட்டது. மசோதா நிலைக்குழுவுக்குப் போனது. 2010 ஜூனில் போபால் வழக்கின் தீர்ப்பு வந்து நாடே கொதித்துக்கொண்டிருந்த நேரம். அணு உலையை நடத்துபவரின் பொறுப்புக்கு மசோதாவில் இருந்த உச்சவரம்பு 500 கோடி ரூபாய். அதை 1,500 கோடியாக்கினார்கள். உதிரிபாகம் விற்றவர் மீதும் இழப்பீடு கேட்க வழிசெய்யும் 17-ஆவது பிரிவில்தான் உண்மையான மல்லுக்கட்டு. நிலைக்குழு அறிக்கையில் இரண்டு உட்பிரிவுகளுக்கு நடுவே ஒரு "மற்றும்" நுழைந்திருந்தது. அது இருந்தால், விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொண்டால் தவிர விற்றவரைத் தொட முடியாது. எதிர்க்கட்சிகள் பிடித்துக்கொண்டன, நீக்கினார்கள். அடுத்து அரசு கொண்டுவந்த திருத்தத்தில், விற்றவர் வேண்டுமென்றே கெடுதல் செய்திருந்தால் மட்டும் பொறுப்பு என்ற மாதிரி ஒரு வாசகம். அதையும் பிடித்து எடுக்கவைத்தார்கள். ஆகஸ்ட் கடைசியில் சட்டம் நிறைவேறியது. அதன் பிறகு பல வருடம் வெளிநாட்டு அணு உலை நிறுவனங்கள் அந்தப் பிரிவைப் பார்த்துத் தயங்கின. உடன்பாட்டைத் தொட முடியாத நாடாளுமன்றம், அதை நிறைவேற்றும் சட்டத்தில் கைவைத்தது.

காப்புரிமை விஷயமும் அப்படியே. உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தத்தில் 1994-இல் கையெழுத்துப் போட்டபோது அவையை யாரும் கேட்கவில்லை. வருடக் கடைசியில் அவசரச் சட்டம் கொண்டுவந்தார்கள், அதற்குப் பதிலான மசோதா மாநிலங்களவையில் சிக்கிக் காலாவதியானது. கடைசியாக 2005-இல் திருத்தம் நிறைவேறும்போது, பழைய மருந்தைச் சற்றே மாற்றி மறுபடி காப்புரிமை வாங்குவதைத் தடுக்கும் 3(ஈ) பிரிவு அவையின் அழுத்தத்தில் உள்ளே வந்தது. 2013-இல் நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் புற்றுநோய் மருந்து வழக்கை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது அந்தப் பிரிவை வைத்துத்தான்.

#11 · மறுப்பாளன்

சார், நீங்க சொன்ன ரெண்டும் கூட்டணி ஆட்சிக் காலம். 2005-லும் சரி, 2010-லும் சரி, அரசுக்கு அடுத்தவர் கை தேவைப்பட்டது. கொறடா உத்தரவு போட்டால் கைதூக்கும் பெரும்பான்மை இருந்திருந்தால் அந்த "மற்றும்" அப்படியே சட்டத்தில் நின்னிருக்கும்.

#12 · வழக்குப்பெட்டி

இருந்திருக்கலாம். ஆனால் அது அங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரிந்ததே குழு அறிக்கை அச்சாகி வெளியே வந்ததால்தான். எண்ணிக்கை இல்லாத எதிர்க்கட்சிக்கும் காகிதம் பயன்படும். பத்திரிகைக்குப் பயன்படும், நீதிமன்றத்துக்குப் பயன்படும்.

#13 · நெறியாளர்

கச்சத்தீவு பற்றித் தனி இழை இருக்கிறது, அங்கே போய்ச் சண்டை போடவும். நீக்கிய நான்கு பதிவுகளுக்குக் காரணம் அதுதான். இந்த இழை நன்றாகப் போகிறது, கெடுக்க வேண்டாம்.

#14 · எழில்நிலா

காகிதமும் ஓட்டும் சேர்ந்து இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் ஒரு சம்பவம் உண்டு. வங்கிப் பரிமாற்ற விவரங்களை, பயங்கரவாத நிதியைக் கண்டுபிடிக்க என்று, அமெரிக்காவுக்குத் தரும் ஏற்பாடு. ஸ்விஃப்ட் ஒப்பந்தம் என்பார்கள். ஒப்பந்தங்களில் நாடாளுமன்றத்துக்குப் பெரிய அதிகாரம் தரும் லிஸ்பன் ஒப்பந்தம் 2009 டிசம்பர் 1-இல் அமலுக்கு வருகிறது. உறுப்பு நாட்டு அமைச்சர்கள் இந்த ஏற்பாட்டுக்கு ஒப்புதல் கொடுத்தது நவம்பர் 30. முந்தின நாள்! எம்.பி.க்களுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. 2010 பிப்ரவரியில் 378-க்கு 196 என்று தள்ளிவிட்டார்கள்.

உலகம் அழியவில்லை. மறுபடி உட்கார்ந்து பேசினார்கள். அமெரிக்காவின் ஒவ்வொரு கோரிக்கையையும் யூரோபோல் (ஐரோப்பிய ஒன்றியத்தின் போலீஸ் அமைப்பு) சரிபார்க்க வேண்டும் என்பது போன்ற காப்புகள் சேர்ந்தன. அதே வருடம் ஜூலையில் அதே நாடாளுமன்றம் ஒப்புதல் கொடுத்தது. இரண்டு வருடம் கழித்து, போலிச் சரக்குகளுக்கும் இணையப் பகிர்வுக்கும் எதிரான ஆக்டா ஒப்பந்தம் வந்தபோது 478 பேர் எதிர்த்தார்கள், 39 பேர்தான் ஆதரவு. ஆக்டா பேச்சுவார்த்தை நடந்த விதம் ரகசியமோ ரகசியம், கசிந்த வரைவுகளை வைத்துத்தான் ஊரே பேசியது. கடைசிவரை காட்டாமல் வைத்திருந்ததற்குக் கிடைத்த பலன் அது என்று நினைக்கிறேன்.

பாடம் கற்றார்களா என்றால், பாதி. அமெரிக்காவோடு பெரிய வர்த்தக ஒப்பந்தம் பேசிய காலத்தில், 2016-இல், ஜெர்மன் எம்.பி.க்களுக்குப் பொருளாதார அமைச்சகத்தில் ஒரு வாசிப்பு அறை திறந்தார்கள். கைபேசியை வெளியே கொடுத்துவிட வேண்டும். குறிப்பிட்ட நேரம்தான். நகல் கிடையாது, கையால் குறிப்பு எடுக்கலாம், எடுத்ததைப் பொதுவெளியில் பேசக் கூடாது. பரீட்சை மண்டபத்துக்குள் போவது போல மக்கள் பிரதிநிதிகள் உள்ளே போய் வந்தார்கள்.

#15 · சும்மா_வந்தவன்

அவை வேண்டாம்னு சொல்லியும் ஒப்பந்தம் ஓடிக்கிட்டே இருக்கிற கேஸ் உண்டா?

#16 · கோப்புப்புழு

உண்டு. செயலகத்தான் ஐயா சொன்ன தற்காலிக அமல் என்பதுதான் வழி. ஐரோப்பிய ஒன்றியமும் கனடாவும் செய்த வர்த்தக ஒப்பந்தத்தின் பெரும்பகுதி 2017 செப்டம்பரிலிருந்து தற்காலிகமாக அமலில் இருக்கிறது. உறுப்பு நாடுகளின் நாடாளுமன்றங்கள் ஒவ்வொன்றாக ஒப்புதல் தர வேண்டும். 2020-இல் சைப்ரஸ் நாடாளுமன்றம் எதிர்த்து வாக்களித்தது. 2024 மார்ச்சில் பிரெஞ்சு செனட் எதிர்த்தது. இரண்டு முறையும் ஒப்பந்தம் நிற்கவில்லை. அந்த முடிவு முறைப்படி பிரஸ்ஸல்ஸுக்கு அறிவிக்கப்பட்டால்தான் சிக்கல். அறிவிக்க வேண்டியது அரசு.

பிரிட்டனில் 2024 ஜனவரியில், தஞ்சம் கேட்டு வருபவர்களை ருவாண்டாவுக்கு அனுப்பும் ஒப்பந்தம் பற்றிப் பிரபுக்கள் சபை (மேலவை), பாதுகாப்பு ஏற்பாடுகள் நடைமுறைக்கு வரும்வரை ஒப்புதல் தரக்கூடாது என்று 214-க்கு 171 என வாக்களித்தது. 2010 சட்டம் வந்த பிறகு அந்தச் சபை அப்படிச் செய்தது அதுவே முதல் தடவை. அந்தச் சபையின் எதிர்ப்புக்கு அமைச்சர் ஒரு விளக்கம் தாக்கல் செய்தால் போதும். செய்தார்கள், ஏப்ரலில் ஒப்புதல் கொடுத்தார்கள்.

#17 · மறுப்பாளன்

போர் விஷயத்தில் மட்டும் ஓட்டுக்கு மதிப்பு இருக்கு. துருக்கி, 2003 மார்ச் 1. அமெரிக்கப் படையைத் தங்கள் மண் வழியா இராக்குக்குள் போக விடலாமா என்று ஓட்டெடுப்பு. 264 பேர் ஆதரவு, 250 பேர் எதிர்ப்பு, 19 பேர் நடுநிலை. ஜெயிச்சாச்சுன்னு முதல்ல நினைச்சாங்க. வந்திருந்தவர்களில் பாதிக்கு மேல் வேணும் என்பது விதி, மூணு ஓட்டு குறைஞ்சுபோச்சு. கப்பலில் காத்திருந்த படை வேறு வழியா சுத்திப் போச்சு. பிரிட்டனில் 2013 ஆகஸ்டில் சிரியா மீது நடவடிக்கைக்கு 285-க்கு 272 என்று அவை மறுத்தது, பிரதமர் அங்கேயே ஏற்றுக்கொண்டார்.

#18 · எழில்நிலா

2018 ஏப்ரலில் அதே சிரியாவில் குண்டு போட்டுவிட்டு வந்த பிறகுதான் அவைக்குச் சொன்னார்கள். மரபுதானே, சட்டமில்லையே.

#19 · வழக்குப்பெட்டி

சேர்வதைப் பற்றியே பேசுகிறோம், விலகுவது? 2017 ஜனவரியில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 8-க்கு 3 என்று, ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகும் அறிவிப்பை நாடாளுமன்றச் சட்டம் இல்லாமல் அரசு கொடுக்க முடியாது என்றது. மக்கள் உரிமைகள் நாடாளுமன்றச் சட்டத்தால் வந்தவை, அமைச்சரின் கடிதத்தால் போகக் கூடாது என்பது அதன் சாரம். அடுத்த மாதமே தென்னாப்பிரிக்க உயர் நீதிமன்றம், சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்திலிருந்து விலகுவதாக அரசு அனுப்பிய அறிவிப்பு செல்லாது என்றது. நாடாளுமன்றத்தின் ஒப்புதலோடு சேர்ந்ததை அதைக் கேட்காமல் விட முடியாது. அரசு அறிவிப்பைத் திரும்பப் பெற்றது.

கானாவையும் சொல்ல வேண்டும். 2016-இல் குவாண்டனாமோ சிறையிலிருந்து இருவரை ஏற்றுக்கொள்ள அமெரிக்காவோடு அரசு ஓர் ஏற்பாடு செய்தது. குறிப்புகளைப் பரிமாறிக்கொண்டதுதான், ஒப்பந்தம் இல்லை என்று வாதம். 2017-இல் உச்ச நீதிமன்றம், பெயர் எதுவானாலும் இது சர்வதேச உடன்பாடு, மூன்று மாதத்துக்குள் நாடாளுமன்றத்தில் ஒப்புதல் வாங்குங்கள் என்றது. பிலிப்பைன்ஸுக்கு நேர் எதிர் பதில்.

#20 · மறுப்பாளன்

அப்போ நீதிமன்றம்தான் கண்காணிக்குது, நாடாளுமன்றம் இல்லை. இதை எழுதியே வெச்சுக்கோங்க.

#21 · சும்மா_வந்தவன்

நான் ஒரு சாதாரண ஆள். என் தொகுதி எம்.பி.யிடம் ஒப்பந்தம் பற்றி ஏதாவது கேட்கணும்னா என்ன கேட்கட்டும், செயலகத்தான் ஐயா?

#22 · செயலகத்தான்

"நீங்கள் ஆதரவா எதிர்ப்பா" என்று கேட்காதீர்கள் தம்பி, கட்சி சொன்னதைச் சொல்வார். பேச்சுவார்த்தை தொடங்கும்போது அரசு தன் நோக்கங்களை எழுத்தில் அவைக்குக் கொடுத்ததா என்று கேளுங்கள். கொடுத்திருந்தால் முடிந்த ஒப்பந்தத்தை அதோடு ஒப்பிடலாம், இல்லையென்றால் எதை வைத்து அளப்பது? ஆஸ்திரேலியாவில் 1996 முதல் ஒப்பந்தங்களுக்கென்றே கூட்டுக் குழு இருக்கிறது, ஒவ்வொன்றோடும் தேசநலப் பகுப்பாய்வு ஒன்று அரசு தர வேண்டும், செலவு என்ன, யாரைக் கலந்தார்கள் என்று. அந்தக் குழுவுக்குத் தடுக்கும் அதிகாரம் கிடையாது. ஆனாலும் ஆக்டாவுக்கு இப்போதைக்கு ஒப்புதல் வேண்டாம் என்று 2012-இல் அது எழுதியது. ஆஸ்திரேலியா இன்றுவரை ஒப்புதல் தரவில்லை.

இன்னொன்று கேளுங்கள், இதை யாரும் கேட்பதில்லை. பெரிய வர்த்தக ஒப்பந்தங்கள் பலவற்றில் ஒரு கூட்டுக் குழு அமைப்பார்கள், இரு தரப்பு அதிகாரிகளும் இருப்பார்கள். இணைப்புகளை மாற்ற அந்தக் குழுவுக்கே பெரும்பாலும் அதிகாரம் இருக்கும். அவை ஒருமுறை ஒப்புதல் கொடுத்தது, அதன் பிறகு உள்ளே இருப்பது மாறிக்கொண்டே இருக்கும். பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் வட அயர்லாந்து வர்த்தகத்துக்காகச் செய்த விண்ட்சர் ஏற்பாடு 2023 மார்ச்சில் அப்படித்தான் வந்தது. காமன்ஸில் 515-க்கு 29 என்று ஓட்டு நடந்தது, ஆனால் அது ஏற்பாட்டின் ஒரே ஒரு பகுதிக்கான விதிமுறை மீது. அதையே முழுவதற்குமான ஓட்டாக எடுத்துக்கொள்ளுங்கள் என்றது அரசு. இரண்டு நாளில் கூட்டுக் குழு கூடி மிச்சத்தை நிறைவேற்றிவிட்டது.

#23 · மறுப்பாளன்

அந்தக் கூட்டுக் குழுக் கூட்டக் குறிப்புகள் வெளியே கிடைக்குமா ஐயா?

#24 · செயலகத்தான்

சிலது கிடைக்கும். கூட்டம் முடிந்த பிறகு.